முப்பது பேரா, ஆறு பேரா?

கேள்வி: மதுரையில் ஒரு குடும்ப அறக்கட்டளை புதிதாகக் கலைப் பிரிவு தொடங்கி, அதன் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. நான் பி.காம். படித்தவள்; ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவள். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பழைய நூல் குடோன் ஒன்றும் இருக்கிறது. விளாச்சேரி பொம்மைக்காரர்கள், கைமுடிச்சுச் சுங்குடி போடுகிறவர்கள், டிசைன் படித்துவிட்டு ஊர் திரும்பி மண்ணிலும் பனையோலையிலும் உலோகத்திலும் புதிதாக ஏதோ செய்துகொண்டிருக்கும் இளைஞர்கள் என்று 30 பேரைச் சேர்த்துப் பத்து நாள் கண்காட்சி நடத்தலாம் என்பது அறங்காவலர்களின் எண்ணம். கலை படிக்காத நான் யாரையும் தேர்ந்தெடுக்கலாமா? பரம்பரையாகச் செய்கிறவர்களையும் படித்து வந்தவர்களையும் ஒரே அறையில் வைக்கலாமா? விற்பனையில் கமிஷன் எடுக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

12 லட்சத்தை 30-ஆல் வகுத்தால் தலைக்கு 40,000 ரூபாய். கணக்குப் பார்த்தவர் என்பதால் இதை நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழ், திறப்பு விழா, பந்தல், மின்சாரம், வண்டி வாடகை, சாப்பாடு, காவலுக்கு ஆள் எல்லாம் போக, செய்கிறவர் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். பத்து நாள் கழித்து, விற்காததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். விற்பனைக் கண்காட்சி நடத்துவது ஒன்றும் தப்பில்லை. தமிழக அரசின் பூம்புகார் நிறுவனம் நடத்துகிறது. கமலாதேவி சட்டோபாத்யாய் 1964-இல் தொடங்கிய கிராஃப்ட்ஸ் கவுன்சில் சென்னையில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக நடத்துகிறது. அவர்களுக்கு வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அதையே சின்ன அளவில் நீங்களும் செய்வதால் அந்த 30 பேருக்குப் பெரிதாக எதுவும் மாறாது.

ஆறு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் அவர்களோடு இருங்கள். கண்காட்சி அந்த வருஷத்தின் கடைசியில் வரட்டும். உங்கள் பணத்தை வைத்து அவர்கள் வாங்க வேண்டியது நேரம். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவரை எடுத்துக்கொள்வோம். வியாபாரி அவரிடம் கேட்பது தசாவதார செட், கல்யாண செட், அஷ்டலட்சுமி. அச்சில் போட்டுக் காயவைத்து, வண்ணம் அடித்து அனுப்பினால் பணம் வந்துவிடும். அச்சு இல்லாமல் கையாலேயே ஓர் ஆள் உயர உருவம் செய்து பார்க்க அவருக்கு ஆசை இருக்கலாம். அது காயும்போது வெடிக்கலாம், சூளையில் உடையலாம், எல்லாம் சரியாக வந்த பிறகும் வாங்க ஆள் இல்லாமல் போகலாம். அந்த நஷ்டத்தை அவர் தலையிலேயே கட்டிவிட்டு, 'புதுசா ஏதாவது பண்ணுங்க அண்ணே' என்று சொல்வது நியாயமே இல்லை. டிசைன் படித்து வந்த பெண்ணின் நிலைமையும் இதுதான். தீபாவளிப் பரிசுக்கென்று ஏதோ ஒரு கம்பெனி 200 காபிக் குவளைக்கு ஆர்டர் கொடுத்தால் பட்டறை வாடகை கட்டிவிடலாம். மனதில் இருக்கும் பெரிய ஜாடி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். அடுத்த வருஷமும் 200 குவளை வரும்.

உங்களைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில்தான் வேலை. வீணாகிப் போகக்கூடிய மூன்று மாத உழைப்புக்கு முன்கூட்டியே கூலி கொடுக்க வியாபாரியால் முடியாது, வங்கியால் முடியாது, பெரும்பாலான அரசுத் திட்டங்களாலும் முடியாது. ஒரு சின்ன அறக்கட்டளையால் முடியும்.

வெளியில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஜப்பானில் 1950-இல் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1955 முதல் குயவர், நெசவாளர், அரக்கு வேலை செய்கிறவர் போன்றவர்களை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவிக்கிறார்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை போகிறது. கண்காட்சி வைக்கச் சொல்லிக் கொடுக்கும் பணம் இல்லை அது. கைத்திறனை மேலும் கூர்மையாக்கவும், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கவும்.

நம் நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் போபால். 1982-இல் அங்கே பாரத் பவன் என்ற கலை மையம் திறந்தபோது, அதன் ரூபங்கர் அருங்காட்சியகப் பொறுப்பில் ஓவியர் ஜே. சுவாமிநாதன் இருந்தார். கலை மாணவர்களை மத்தியப் பிரதேசத்தின் கிராமங்களுக்கு அனுப்பி, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார். பாடன்கட் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த சித்திரத்தைப் பார்த்து, அதை வரைந்தது யார் என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்தவர்தான் ஜங்கட் சிங் ஷியாம். சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துவந்து, பாரத் பவனின் அச்சுக்கலைப் பிரிவில் வேலை கொடுத்தார். சுவரும் மண்ணும் மட்டுமே பழகிய கைக்குக் காகிதமும் மையும் கிடைத்தன. கூடவே மாதச் சம்பளம். பின்னால் ஜங்கட்டின் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் கற்றுக்கொண்டார்கள். இன்று கோண்டுப் பழங்குடியினரின் ஓவியம் என்று உலகமெங்கும் விற்பதில் பெரும்பகுதி அந்த வீட்டிலிருந்து கிளம்பியதுதான். சுவாமிநாதன் செய்ததில் பெரியது எது என்று கேட்டால், கண்டுபிடித்ததைவிட அந்தச் சம்பளத்தைத்தான் சொல்வேன்.

இதே கதையின் கடைசிப் பகுதியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜங்கட் 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த நாட்களில், ஊரைவிட்டு வெகுதூரத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருவரைத் தங்கி வேலை செய்ய வேறு ஊருக்கு அழைக்கும்போது, திரும்பிப் போக டிக்கெட் அவர் கையிலேயே இருக்கிறதா, அவர் மொழி பேசும் ஆள் பக்கத்தில் உண்டா, வீட்டுக்கு நினைத்தபோது பேச முடிகிறதா என்று பார்ப்பது அழைத்தவரின் கடமை. அழைக்கும் ஊர் சென்னையாக இருந்தாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை என்றதும் சோழமண்டலம் ஞாபகம் வருகிறது. கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி), உலோகம், மட்பாண்டம் என்று கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள். அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் நவீன ஓவியத்துக்குக் கைவினை படியளந்திருக்கிறது. அந்தப் பாக்கியைத் திருப்பிக் கொடுக்க யாரும் அவசரப்பட்ட மாதிரித் தெரியவில்லை என்பது என் வெகுநாள் புகார்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தேர்ந்தெடுக்க உங்களுக்குத் தகுதி உண்டா? உண்டு, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முடியாது. ஆங்கிலத்தில் விண்ணப்பப் படிவம் போட்டு, ஐந்து புகைப்படமும் 500 வார்த்தையில் 'கலைஞர் குறிப்பும்' கேட்டால், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒரு பதினைந்து, இருபது பேரைப் பொறுக்கிக்கொண்டு, ஒவ்வொருவரையும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். விற்பனைக்கு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பரண்மேல் என்ன இருக்கிறது, மூலையில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். 'நீங்கள் செய்ததிலே யாரும் வாங்காமல் போனது எது? அதை ஏன் உடைக்காமல் வைத்திருக்கிறீர்கள்?' இந்தக் கேள்விக்குச் சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் உள்ளே போய் எதையோ துணியால் துடைத்துக்கொண்டு எடுத்து வருவார்கள். உங்கள் ஆறு பேர் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்கள்.

தனியாக முடிவெடுக்க வேண்டாம். கூட இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்டிப்பாகக் கையால் வேலை செய்கிறவராக இருக்கட்டும். தேர்வுக்கு வரும் நாளுக்கு அவருக்கும் பணம் கொடுங்கள். ஒரு குடத்தின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தே சூளையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார். அது உங்களுக்கும் வராது, எனக்கும் வராது. கலை வரலாறு படித்து, கண்காட்சி அமைக்கும் கியூரேட்டர்கள் பலருக்குக் கூலி நாளைக் கணக்குப் போடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

ஒரே அறையில் வைக்கலாமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு பழைய பழக்கம் நம்மை இழுக்கும்: யோசிக்கிறவர் டிசைனர், செய்கிறவர் கைவினைஞர். 1985-இல் நியூயார்க்கின் கூப்பர்-ஹெவிட் அருங்காட்சியகத்தில் ராஜீவ் சேத்தி 'தங்கக் கண்' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார். ஃப்ரெய் ஓட்டோ, எட்டோரே சோட்சாஸ், ஹான்ஸ் ஹோலைன் போன்ற உலகப் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர்களையும் டிசைனர்களையும் இந்தியக் கைவினைஞர்களோடு சேர்த்துப் புதுப் பொருள்களைச் செய்யவைத்தார். பிரமாதமான முயற்சி, கைவினைஞர்களுக்கு மரியாதை செய்யவென்றே வைத்தது. இருந்தும் இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சோட்சாஸ் என்பார்கள், ஹோலைன் என்பார்கள். கல்லைச் செதுக்கியவர் பெயரைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். இந்தப் பழக்கத்துக்கு ஆளாகாமல் இருக்க நல்லெண்ணம் மட்டும் போதாது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜூடி ஃப்ரேட்டர் வேறு வழியைப் பிடித்தார். 2005-இல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கி, நெசவாளர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் எம்பிராய்டரி செய்யும் பெண்களுக்கும் டிசைனையே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டிரண்டு வாரமாக ஒரு வருஷத்தில் ஆறு வகுப்பு. நடுவில் அவரவர் வீட்டுக்குப் போய்த் தறியிலேயே வீட்டுப்பாடம். தொழிலைப் பல மாதம் மூடிவிட்டு யாரும் படிக்க வர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படித்து முடித்தவர்கள் தங்கள் பெயரிலேயே புதுத் துணிகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

புதுச்சேரியில் நடந்தது இன்னொரு மாதிரி. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டவர்கள் நாடு முழுக்கப் பட்டறை வைத்தார்கள். 2018-இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திரத்தில் முதல் இந்திய மட்கலை முத்தாண்டுக் கண்காட்சி நடந்தபோது, அதைக் கியூரேட் செய்தவர்கள் களிமண்ணில் வேலை செய்கிற கலைஞர்களேதான். தங்கள் வேலையைக் காட்ட யாராவது வருவார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இரண்டாவது வருஷக் கண்காட்சியை அமைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் பின்னத் தெரிந்த கைகள் குறைந்துவிட்ட நேரத்தில், விசாலாட்சி ராமசாமி எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் மூலம் எஞ்சியிருந்தவர்களைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் கொட்டான் பிறகு யுனெஸ்கோவின் தரச் சான்று வரைக்கும் போனது. அதுவும் குடும்ப அறக்கட்டளைதான். உங்கள் அறங்காவலர்களைக் காரைக்குடிக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள். பத்து மீட்டிங்கில் பேசுவதைவிட அது நல்லது.

அறையில் மூன்று விஷயத்தில் மட்டும் வித்தியாசம் காட்டாதீர்கள். படித்தவருக்கும் பரம்பரைக்காரருக்கும் ஒரே தொகை, ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி பெயர்ப் பலகை. 1998-இல் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஜோதிந்திர ஜெயின் 'மற்ற மேதைகள்' என்ற பொருளில் ஒரு கண்காட்சி வைத்தார். ஐந்தே பேர்: வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே, மிதிலை ஓவியர் கங்கா தேவி, கோண்டு ஓவியர் ஜங்கட், மண்ணில் ஜாலி என்னும் துளைத் தட்டிகளும் உருவங்களும் செய்த சோனாபாய், மணிப்பூர் குயவர் நீலமணி தேவி. அதுவரை 'பழங்குடிக் கலை', 'நாட்டுப்புறக் கலை' என்று இனத்தின் பெயரால் வைக்கப்பட்டவர்கள், தங்கள் சொந்தப் பெயரோடும் சொந்த வாழ்க்கை வரலாற்றோடும் வந்தார்கள். அந்த அருங்காட்சியகத்தில் இடமும் வசதியும் இருந்தும் அவர் ஐம்பது பேரை வைக்காமல் ஐவரோடு நிறுத்திக்கொண்டார். அறங்காவலர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பெயர்ப் பலகையில் ஒரே பெயர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கைமுடிச்சுச் சுங்குடியில் ஆயிரக்கணக்கான முடிச்சு இருக்கும். புள்ளி குறிக்கிறவர் ஒருவர், வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண் ஒருவர், சாயம் போடுகிறவர் ஒருவர். பெரும்பாலும் கடைசியில் நிற்பது கடைக்காரர் பெயர். சுவாமிமலைச் சிலையிலும் மெழுகு பிடிப்பவர், மண் பூசுகிறவர், வார்ப்பவர், உளி பிடிப்பவர் என்று பல கைகள். சினிமா டைட்டிலில் லைட்மேன் பெயர்வரை போடுகிற ஊர் நம்முடையது. முடிச்சுப் போட்ட அம்மாவின் பெயரைப் போட ஒரு அட்டையில் இடமில்லையா?

கமிஷன். நகரத்து கேலரிகள் பொதுவாக 40 முதல் 50 சதவீதம் எடுக்கின்றன. வாடகை, ஆட்கள், விளம்பரம் என்று அவர்களுக்குச் செலவு உண்டு, அதில் நியாயமும் உண்டு. உங்களுக்கு இடம் சும்மா கிடைத்திருக்கிறது. முதல் வருஷம் ஒரு பைசாவும் எடுக்காதீர்கள். ஆனால் விலையைக் குறைத்து வைக்கவும் விடாதீர்கள். 'கமிஷன்தான் இல்லையே, பாதி விலைக்குக் கொடுக்கலாமே' என்று ஆரம்பித்தால், நாளைக்கு அவர் சென்னையில் ஒரு கேலரிக்குப் போகும்போது அந்த விலை அவர் காலைச் சுற்றும். விலை போடும்போது அவரோடு உட்காருங்கள்: பொருள், கூலி நாள், விறகு, சேதம், அதற்கு மேல் லாபம். பெரும்பாலானவர்கள் தங்கள் கூலியையே விட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்கள், வீட்டுப் பெண்களின் கூலியைக் கட்டாயம் விட்டுவிடுவார்கள். இந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

'விற்றால் பணம், விற்காவிட்டால் பொருள்' என்ற ஏற்பாட்டில் ஏமாந்தவர்கள் ஏராளம். பொருள் போய் வருஷமாகியும் பணமும் வராது, பொருளும் வராது. ஆகவே தமிழில் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதுங்கள். என்னென்ன பொருள், எந்தத் தேதியில் வந்தது, உடைந்தால் யார் கொடுப்பது, விற்றால் எத்தனை நாளில் பணம், படம் எடுத்தால் யார் எங்கே போடலாம், எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விற்றால் 15 நாளில் பணம் என்று எழுதுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கு வாசித்துக் காட்டிக் குரல் பதிவாகவும் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தில் ஒரு மூலை பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கலைநயமுள்ள கைவினைப் படைப்பையும் 'கலைப்படைப்பு' என்றே சேர்த்துக்கொள்கிறது. ஆனால் டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறை உற்பத்தியில் 50 தடவைக்கு மேல் போட்டுவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. ஒற்றைப் படைப்பாகச் செய்கிறவருக்குக் கவலையில்லை. விளக்கு, ஓடு, குவளை என்று திரும்பத் திரும்பச் செய்ய நினைக்கிறவர், 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது நல்லது. பத்து வருஷப் பாதுகாப்பு, இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். முக்கியமானது, பொதுவில் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கண்காட்சியே அவருடைய உரிமைக்கு வேட்டு வைத்துவிடக் கூடாது, இல்லையா? கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

இப்போது அந்த 12 லட்சம். நான் போடும் கணக்கு இது. ஆறு பேருக்கும் மாதம் 25,000 வீதம் மூன்று மாதம்: 4.5 லட்சம். மூலப்பொருளுக்குத் தலைக்கு 25,000: 1.5 லட்சம். குடோனில் வயரிங், விளக்கு, பூட்டு: 1.5 லட்சம். நல்ல புகைப்படமும் தமிழில் நல்ல குறிப்பும்: 1 லட்சம். பேக்கிங், வண்டி, காப்பீடு: 1 லட்சம். கடைசியில் செய்ததில் சிலவற்றை அறக்கட்டளையே விலை கொடுத்து வாங்க 1.5 லட்சம். கையிருப்பு ஒரு லட்சம். திறப்பு விழா டீயும் முறுக்கும் இதற்குள் அடங்கும். உங்கள் சம்பளம் இந்த 12 லட்சத்துக்கு வெளியே என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே என்றால் ஆறு பேரை நான்காக்குங்கள், தலைக்கு 75,000 ரூபாயைக் குறைக்காதீர்கள்.

புகைப்படத்துக்கு ஒரு லட்சமா என்று கேட்பார்கள். கண்காட்சி முடிந்த பிறகு அவர் கையில் மிஞ்சப்போவது அந்தப் படங்களும் குறிப்பும்தான். அடுத்த கியூரேட்டரும், வெளிநாட்டுப் பரிசுகளும் முதலில் கேட்பது அதைத்தான். ஸ்பெயினின் லோவே அறக்கட்டளை 2016-இல் அறிவித்த கைவினைப் பரிசு 50,000 யூரோ. அதற்கு விண்ணப்பிக்கத் திறமை உள்ளவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். செல்போனில் கயிற்றுக் கட்டில்மேல் வைத்து எடுத்த படத்தோடு விண்ணப்பித்துக் கழிந்துபோகிறார்கள்.

குடோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூல் குடோன் என்றால் பஞ்சுத் தூசியும் எலியும் இருக்கும். சாயத் துணியும் சாயமேற்றிய ஓலையும் இருக்கும் பக்கத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களில் துணிக்கு வைத்திருக்கும் அளவு அது. பல்லி, வெள்ளிப்பூச்சி, ஒழுகும் ஓடு மூன்றையும் முதல் மழைக்கு முன் கவனியுங்கள்.

கண்காட்சிக்கு யாரை அழைப்பது? அமைச்சரை அழைக்கலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் மதுரையிலும் சென்னையிலும் உள்ள கட்டிடக் கலைஞர்கள், ஹோட்டல் கட்டுகிறவர்கள், மருத்துவமனை கட்டுகிறவர்களைத் தனியாக ஒரு மாலை அழையுங்கள். இலங்கையில் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களின் இறுதியில் பென்தோட்டா பீச் ஹோட்டலைக் கட்டியபோது, வரவேற்பறையின் கூரையை முழுக்க ஏனா டி சில்வாவின் பாத்திக் துணியால் நிரப்பினார். ஒரு வேட்டியோ சேலையோ விற்பதற்கும் ஒரு கூரை கிடைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அப்படி ஒரு வேலை கிடைத்தால் பட்டறையில் இன்னும் இரண்டு பேருக்கு வேலை, இரண்டு வருஷத்துக்குத் தைரியம். உங்கள் விளாச்சேரிக்காரருக்கு ஒரு மருத்துவமனைச் சுவர் கிடைத்தால், அறக்கட்டளையின் 75,000 ரூபாய் அவருக்குத் தேவைப்படாது. அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

அறங்காவலர்கள் கடைசியில் 'எத்தனை பேர் பயனடைந்தார்கள்?' என்று கேட்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. எல்லா அறிக்கைகளிலும் அந்த ஒரு கட்டம்தான் இருக்கிறது. நீங்கள் வேறு கட்டங்கள் போட்டுக் கொடுங்கள்: ஆர்டர் இல்லாமல் வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் கிடைத்தது, அதில் புதிதாக என்ன வந்தது, என்ன கெட்டுப்போனது, அவர் முன்பு வாங்கிய விலை என்ன, இப்போது என்ன, கண்காட்சிக்குப் பிறகு யார் தேடி வந்தார்கள். கெட்டுப்போனதையும் கண்டிப்பாக எழுதுங்கள். ஆறு பேரில் ஆறு பேரும் ஜெயித்தார்கள் என்று அறிக்கை வந்தால், நீங்கள் ஏற்கெனவே ஜெயித்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று நான் சந்தேகப்படுவேன்.

பணம் போதவில்லை என்றால் ஒரு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைப் பாரம்பரியக் கலைகளையும் கைவினைகளையும் வளர்க்கவும் செலவிடலாம் என்று இருக்கிறது. உங்கள் ஊர் நூற்பாலைகளிடம் கேளுங்கள். அதை வாங்க அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்க வேண்டும். பொருள்களை விற்பது அறக்கட்டளையின் வரிவிலக்கைப் பாதிக்குமா என்று ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். விற்பனைப் பணம் வாங்குகிறவரிடமிருந்து நேராகச் செய்தவரின் கணக்குக்கே போவது எல்லோருக்கும் நிம்மதி.

நாள் பார்ப்பதும் முக்கியம். அந்தப் பதினைந்து, இருபது பட்டறைகளையும் ஆனி முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். ஆடி பிறந்தால் விளாச்சேரியில் கொலு வேலை சூடுபிடிக்கும், யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமிருக்காது. துணிக்காரர்களுக்குத் தீபாவளிவரை அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது. ஆகவே மூன்று மாதம் எந்த மூன்று என்பதை அவரவரே சொல்லட்டும். பொம்மைக்காரர் அநேகமாகத் தை, மாசி, பங்குனி என்பார். கண்காட்சியை அடுத்த ஆனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.